அப்பாவுக்கு மின் சக்கர நாற்காலி: 13 கிலோவா, 29 கிலோவா?

யீஷூன் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 74. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தால் அவருடைய இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. வீட்டுக்குள் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை போய்வந்துவிடுவார். வெளியே போவதென்றால் சாதாரண சக்கர நாற்காலியில் அமர்த்தி யாராவது தள்ள வேண்டும். நானும் என் கணவரும் வேலைக்குப் போய்விடுகிறோம். உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கோ சமையலும் என் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்து புளோக் காப்பிக்கடையில் மாலை நான்கு மணிக்குக் கூடும் நண்பர்களை அப்பா பார்த்து மாதக்கணக்காகிறது. "தள்ள ஆள் கிடைக்கும் நேரத்தில்தான் எனக்குக் காப்பி குடிக்கத் தோன்ற வேண்டுமா?" என்று போன வாரம் கேட்டார். அதன் பிறகுதான் மின் சக்கர நாற்காலி வாங்குவது என்று முடிவெடுத்தோம்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது கார்பன் இழைச் சட்டம் கொண்டது. பேட்டரி நீங்கலாக 13 கிலோ, மடித்தால் டாக்சியின் பின்பெட்டிக்குள் அடங்கும், விலை அதிகம். இரண்டாவது அலுமினியச் சட்டம். 29 கிலோ, சக்கரங்கள் பெரியவை, இருக்கைக்கு அடியில் அதிர்வுதாங்கி உண்டு, விலை முதலாவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்பாவின் எடை 82 கிலோ. வசிப்பது சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. ஆண்டுக்கொரு முறை திருச்சிக்குப் போவோம். விற்பனையாளர்கள் எல்லாரும் இலேசானதையே வாங்கச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் எதை வாங்குவீர்கள்? அரசாங்க உதவித்தொகை கிடைக்குமா?

புக்கிட் பாத்தோக் தாத்தா:

வணக்கம் அம்மா. என் மனைவியை எட்டு ஆண்டுகள் மின் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். 13 கிலோவா 29 கிலோவா என்ற கேள்விக்குப் போகுமுன், அந்த நாற்காலியை மாதத்தில் எத்தனை முறை டாக்சியில் ஏற்றப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இலேசான நாற்காலிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் அந்தத் தூக்கும் வேலைக்காகத்தான். உங்கள் அப்பா போக விரும்புவது பக்கத்து புளோக் காப்பிக்கடைக்கு. அதற்கு யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு டாக்சியில் போகும் நாளில் இப்போதுள்ள தள்ளுநாற்காலியே போதும். தயவுசெய்து அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மின் நாற்காலி வந்த மகிழ்ச்சியில் நான் பழையதைத் தானம் செய்துவிட்டு, மோட்டார் பழுதான ஒரு வாரம் முழுக்க மனைவியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க நேர்ந்தது.

அடுத்தது அளவு. கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டால் பெரும்பாலோர் நிலைச்சட்டத்தின் இரு பக்கத்துக்கும் இடையே அளந்து சொல்வார்கள். அது தவறு. கதவை முழுக்கத் திறந்து வைத்து, திறந்து நிற்கும் கதவுப் பலகையிலிருந்து எதிர்ச் சட்டம்வரை எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்றுதான் அளக்க வேண்டும். வெளியே உள்ள இரும்புக் கதவையும் அப்படியே அளக்க வேண்டும். அது முழுவதும் திறக்காமல் காலணி அலமாரியில் இடித்து நின்றுவிடும் வீடுகள் பல. அந்த இடைவெளியை நாற்காலியின் மொத்த அகலத்தோடு ஒப்பிடுங்கள், இருக்கையின் அகலத்தோடு அல்ல. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இருக்கையின் அகலத்தை; சக்கரங்களின் வெளிவிளிம்புவரை உள்ள அகலத்தை விவரத்தாளின் அடியில் தேடினால்தான் கிடைக்கும்.

அகலம் சரியாக இருந்தாலும் திரும்ப முடியாமல் போகலாம். நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய தமிழ் முரசு தாள்களை ஒட்டி, 60 சென்டிமீட்டர் அகலமும் 105 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பாயாக்கி, தரையில் போட்டு நகர்த்திப் பார்த்தேன். 105 என்பது உட்கார்ந்தவரின் பாதம் வரைக்குமான நீளம். வெற்று நாற்காலியை அளந்தால் கால் நீட்டும் இடம் கணக்கில் வராது. வாசலைத் தாண்டித் தாழ்வாரத்தில் வலப்பக்கம் திரும்பும்போது தாளின் மூலை பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியின் மேல் ஏறியது. அதை வைத்துத்தான் அந்த வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) போய்ப் பேசினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் தொட்டியை எடுத்துக்கொண்டார். மின்தூக்கியிலும் இதே தாளைப் போட்டுப் பாருங்கள்.

வாசற்படி உயரமாக இருந்தால், நாற்காலி வாங்குமுன்பே வீட்டை மூத்தோருக்கு ஏற்றதாக்கும் வீவக-வின் 'ஈஸ்' திட்டத்தில் சாய்தளத்துக்கு விண்ணப்பியுங்கள். 65 வயதைக் கடந்தவர் வீட்டில் இருப்பதால் நீங்கள் தகுதி பெறுவீர்கள். நாலறை வீட்டுக்குச் செலவில் 92.5 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும். சாய்தளத்தோடு, கழிவறையில் கைப்பிடிகளும் வழுக்காத தரைப் பூச்சும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. இதை வீட்டில் உள்ள எல்லாருக்கும், முக்கியமாக உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு, காட்டிக்கொடுங்கள். மின் நாற்காலியின் பின்பக்கம், சக்கரத்துக்கு அருகில் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும். பேட்டரி தீர்ந்துவிட்டால் கையால் தள்ளுவதற்கு அது தேவை. ஆனால் ஜாய்ஸ்டிக்கை விட்டதும் தானாகப் பிடிக்கும் மின்காந்தப் பிரேக், அந்த நெம்புகோலை விடுவித்த நொடியில் வேலை செய்யாமல் போய்விடும். எங்கள் புளோக் சரிவுப்பாதையின் நடுவில் பேட்டரி நின்றபோது எங்கள் வீட்டில் உதவிக்கு இருந்த பெண், உதவும் எண்ணத்தில், பக்கத்தில் வந்து குனிந்து நெம்புகோலைத் தூக்கிவிட்டார். நாற்காலி என் மனைவியோடு பின்னோக்கி உருண்டு, கீழே இருந்த குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது. தொட்டி இல்லையென்றால் வாகன நிறுத்துமிடம். நெம்புகோலைத் தொடுமுன் ஒருவர் பின்னால் நின்று கைப்பிடியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். முடிந்தால் சமதளத்தில் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

சிகிச்சைப் பிரிவு ஊழியர்:

நான் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது பலர் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் என்று அழைக்கும் பணியில், இருக்கிறேன். தாத்தா சொன்ன அளவுகளோடு எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று: இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன என்று எழுதியிருக்கிறீர்கள்.

இடப்பக்கம் வலுவிழந்தால் பாதிப்பு மூளையின் வலப்பக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் இடப்பக்கத்தில் இருப்பவற்றைக் கவனிக்கும் ஆற்றல் குறைந்துபோயிருக்கும். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும். முகத்தின் இடப்பக்கம் சவரம் செய்யாமல் விட்டிருப்பார். கதவைக் கடக்கும்போது இடத்தோள் இடிக்கும். வேறு சிலருக்குப் பார்வைப் புலத்திலேயே இடப்பாதி இல்லாமல் போயிருக்கும். தள்ளுநாற்காலியில் இந்தக் குறை வெளியே தெரியாது, ஏனெனில் வழியைப் பார்ப்பவர் தள்ளுபவர். மின் நாற்காலியில் அவரே ஓட்டுநர். காப்பிக்கடையில் இடப்பக்கத்திலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்தால் அவர் கவனிப்பாரா என்பதைச் சோதிக்காமல் எந்த நாற்காலியையும் வாங்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு இந்தக் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும்கூடப் பயிற்சியால் பலர் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்கு மட்டும், பின்னால் நடப்பவர் இயக்கும் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திக்கொள்ளச் சொல்வோம்.

ஜாய்ஸ்டிக் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. இடக்கைக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. உணர்ச்சி குறைந்த கை மடியிலிருந்து நழுவி சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே போய்விடும். அந்தப் பக்கத்தில் அகலமான, குழிவான கைதாங்கி பொருத்த முடியுமா என்று கேளுங்கள். மடிக்கும் இலேசான வகைகளில் கைதாங்கி மெல்லிய குழாயாக இருப்பதால் அது பெரும்பாலும் முடியாது. முதுகுத் துணியும் தொட்டில்போலத் தொய்ந்திருக்கும். ஒரு பக்கம் வலுவிழந்தவர் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவார்.

இருக்கையின் அகலத்தில் இடுப்புக்கு இருபுறமும் ஒரு விரல் அளவு இடைவெளி போதும். 'தாராளமாக இருக்கட்டும்' என்று பெரியதை வாங்குவது தவறு. உடல் சரிந்துகொண்டே இருக்கும், கதவிலும் அகலம் இடிக்கும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். மெத்தையைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். நாற்காலியோடு வரும் மெத்தை பெரும்பாலும் வெறும் பஞ்சு.

உதவித்தொகையைப் பொறுத்தவரை வரிசை முக்கியம். மூத்தோருக்கான நடமாட்ட, உதவி நிதி 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு உரியது. குடும்பத்தின் தலைக்குரிய வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும். உடற்குறை உள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபல் நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி உடற்குறை உள்ளவர்களுக்கானது. அதிலும் 90 விழுக்காடு வரை உண்டு, வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. இரண்டுக்குமே முதலில் சிகிச்சையாளரின் மதிப்பீடு, பிறகு விண்ணப்பம், ஒப்புதல் வந்த பிறகே கொள்முதல். கடையில் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதோடு வருபவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. அப்பா பக்கவாதத்துக்குப் பின் பரிசோதனைக்குச் செல்லும் மருத்துவமனையிலேயே மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில் 'டெக் ஏபல்' என்ற காட்சிக்கூடமும் இருக்கிறது; எதையும் விற்கும் அவசரம் இல்லாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏற்ற இடம்.

சக்கரத்தில் பதினோரு ஆண்டு:

மேலே எழுதிய இருவரும் பார்த்துக்கொள்பவர்களின் பக்கத்திலிருந்து பேசினார்கள், நான் உட்கார்ந்திருப்பவன். முதுகுத்தண்டுக் காயம், இது என் மூன்றாவது நாற்காலி.

இலேசான நாற்காலியை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். தேக்கா சந்தையில் தேங்காயும் முருங்கைக்காயும் வாங்கிப் பையைப் பின்கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறியபோது, முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பின்னால் வந்த அண்ணன் ஒருவர் பிடித்ததால் என் மண்டை தப்பியது. நாற்காலி இலேசாக ஆக ஆக, பின்னால் மாட்டும் ஒவ்வொரு கிலோவும் அதிகம் பேசும். பின்னால் சாயாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இல்லாத எதையும் வாங்காதீர்கள். பையை இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

முன்சக்கரத்தின் குறுக்களவைப் பாருங்கள். சிறிய சக்கரம் வடிகால் மூடியின் கம்பி இடைவெளியிலும், ரயிலுக்கும் மேடைக்கும் இடைப்பட்ட பிளவிலும் மாட்டும். எட்டு அங்குலம் இருந்தால் நல்லது. எதுவானாலும் பிளவை நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் திரும்பி உள்ளே இறங்கிவிடும். பேருந்துகள் பற்றிக் கவலை வேண்டாம். 2020 டிசம்பர் முதல் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஓட்டுநர் இறங்கிவந்து சாய்பலகையை விரிப்பார், உள்ளே பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, சாய்வுப் பலகையில் முதுகை ஒட்டி நிறுத்த வேண்டும். நாற்காலி 70 சென்டிமீட்டர் அகலத்தையும் 120 சென்டிமீட்டர் நீளத்தையும் தாண்டக் கூடாது. நீங்கள் பார்த்திருப்பவை அதற்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். லிட்டில் இந்தியாவின் ஐந்தடிப் பாதைகள், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைகள்தான் வேறு கதை. கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், நடுவில் படி வரும். நான் சாலையோர நடைபாதையிலேயே போய்விடுவேன்.

வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டராக இருந்தது, 2026 ஜூன் 1 முதல் 6 கிலோமீட்டர் ஆகிறது. இதே விதிமாற்றத்தில், நடக்க இயலாதோர் கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நடமாட்ட ஸ்கூட்டர் வகைக்குப் பொதுவாக மருத்துவத் தேவைச் சான்று வேண்டும். மின் சக்கர நாற்காலிக்கு அந்தச் சான்று தேவையில்லை. ஒரு கையால் ஸ்கூட்டரைத் திருப்புவதும் கடினம், ஆகவே யாராவது அதைக் காட்டினால் நின்று பார்க்கக்கூட வேண்டாம்.

திருச்சிப் பயணத்துக்குப் பேட்டரிக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். கழற்றி விமான அறைக்குள் கையோடு கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி 300 வாட்-மணியைத் தாண்டக் கூடாது; இரண்டு பேட்டரிகள் கொண்ட நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தப்பித்துக்கொள்ளும். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480, அதைக் கழற்றிக் கொண்டுபோக விடமாட்டார்கள். கழற்ற முடியாதபடி பொருத்தியவற்றுக்கு விதி வேறு. எதுவானாலும் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஊருக்கு நான் மின் நாற்காலியைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன். தெருவில் ஓட்ட இடமில்லை, பழுதானால் பார்க்க ஆளில்லை, தள்ளுநாற்காலிதான் போகிறது.

மழையில் ஜாய்ஸ்டிக்கின் மேல் ஒரு நெகிழிப் பையைக் கவிழ்த்து ரப்பர் வளையம் போடுங்கள். நனைந்துவிட்டால் நன்றாக உலரும்வரை சார்ஜ் செய்யாதீர்கள். நாற்காலியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். இரவு எல்லாரும் தூங்கும்போதும் வேண்டாம். வாசலுக்குப் போகும் வழியில் வைத்தும் வேண்டாம், ஏனென்றால் தீப்பிடித்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

வாங்குமிடத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதன் கட்டுப்பாட்டுப் பெட்டி இப்போது உங்கள் கிடங்கில் இருக்கிறதா? என் இரண்டாவது நாற்காலியின் பெட்டி பழுதானபோது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி ஏழு வாரம் காக்க வைத்தார்கள். அந்தக் கடையின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது. 'இருக்கிறது' என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

யீஷூன் மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தாத்தா சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். டாக்சியில் போவது மாதத்துக்கு இரண்டு முறை, இரண்டுமே மருத்துவமனைக்கு. 13 கிலோ நாற்காலிக்கு நான் வைத்திருந்த காரணம் அதோடு போயிற்று. தள்ளுநாற்காலி வீட்டிலேயே இருக்கும், திருச்சிக்கும் அதுதான்.

சிகிச்சையாளர் எழுதியதைப் படித்த அன்று இரவு அப்பாவின் தட்டைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் வைத்த வெண்டைக்காய்ப் பொரியல் அப்படியே இருந்தது. வெண்டைக்காய் பிடிக்காமல் ஒதுக்குகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தட்டைத் திருப்பி வைத்ததும் எடுத்துச் சாப்பிட்டார்.

மருத்துவமனையில் மதிப்பீடு முடிந்தது. தாழ்வாரத்தில் ஓட்டச் சொன்னார்கள். கதவருகே இரண்டு முறை இடப்பக்கம் இடித்தார், மூன்றாவது முறை அந்த அம்மையார் நிலைச்சட்டத்தில் சிவப்பு நாடா ஒட்டி 'அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்' என்றதும் இடிக்காமல் போனார். ஆறு முறை பயிற்சிக்கு நாள் குறித்திருக்கிறார்கள், அதன் பிறகுதான் நிதிக்கு விண்ணப்பம். 29 கிலோ நாற்காலியும் இல்லை. இடக்கைக்குக் குழிவான தாங்கி பொருத்தக்கூடிய, பின்னால் நடப்பவரும் இயக்கக்கூடிய வேறொன்றைப் பரிந்துரைத்தார்கள். 34 கிலோ, மொத்த அகலம் 61 சென்டிமீட்டர். கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார்.

தாள் பாயை அந்த அளவுக்கு வெட்டி வாசலில் போட்டாயிற்று. எங்கள் காலணி அலமாரிதான் இடிக்கிறது. என் கணவர் அடுத்த சனிக்கிழமை நகர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தாளை யாரும் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.